முதுகுக் கட்டிக்கு 12,000 என்றார்கள், பில் 41,300: டே கேர் ஆபரேஷன் போகிறவர்களுக்கு எச்சரிக்கை

41,300 ரூபாய். அத்தையின் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே 3 சென்டிமீட்டர் அகலத்தில் இருந்த ஒரு செபேஷியஸ் சிஸ்டை (தோலுக்கடியில் பை மாதிரி வளரும் கட்டி) மரத்துப்போகிற ஊசி போட்டு எடுத்ததற்கு வாங்கிய காசு. சொன்னது 12,000. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இது. இந்த மாதிரி டே கேர், அதாவது அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற சின்ன ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி பெயர் போடமாட்டேன், கேட்காதீர்கள். மதுரைப் பக்கம், பைபாஸில் கண்ணாடி முகப்போடு நிற்கிற நூறு படுக்கை மல்ட்டி ஸ்பெஷாலிட்டி ரகம். ஆபரேஷன் தியேட்டர் வேலை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பில்லை வரி வரியாகப் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது.

இது எவ்வளவு சின்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கட்டியின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், சிஸ்டின் வாய் அது. அதைச் சுற்றி 2 சதவீத லிக்னோகைன் (மரத்துப்போகிற மருந்து) ஊசி 5 முதல் 10 மில்லி. வாயையும் சேர்த்துப் படகு வடிவில் தோலைக் கீறி, உள்ளே இருக்கும் பையைக் கிழியாமல் முழுசாக உருவி எடுக்க வேண்டும். பையில் ஒரு துணுக்கு தங்கினாலும் கட்டி திரும்ப வரலாம். ரத்தத்தை நிறுத்தி, உள்ளே கரையும் தையல், மேலே நைலான் தையல், ஒரு பேண்டேஜ். சர்ஜன், உதவிக்கு ஒருவர், நர்ஸ் ஒருவர். அரை மணி நேரம், கூடிப்போனால் முக்கால் மணி நேரம். பெரியாஸ்பத்திரி சர்ஜரி ஓபியில் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் மைனர் ஓடியில் (சின்ன ஆபரேஷன் தியேட்டர்) காசு வாங்காமல் இதைச் செய்து அனுப்புகிறார்கள்.

அந்த சர்ஜன் பேசியதைக் கேட்டால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். கட்டியைப் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, அந்தக் கறுப்புப் புள்ளியை அத்தைக்குக் காட்டியிருக்கிறார். பேடில் படம் வரைந்திருக்கிறார். "ஒண்ணுமில்லம்மா, கொழுப்புக் கட்டிதான். காலைல வெறும் வயித்துல வாங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்." அடுத்த அறையில் கவுன்சிலர் என்று ஒரு பெண். கூடப் போன தம்பி தெளிவாகவே கேட்டிருக்கிறான்: "மருந்து, டெஸ்ட்டு எல்லாம் சேர்த்தா மேடம்?" "பேக்கேஜ் சார், எல்லாம் சேர்த்துத்தான்." அப்பாயின்ட்மென்ட் கார்டின் பின்பக்கம் 12,000 என்று எழுதி அடியில் கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆபரேஷன் அன்று காலை அட்மிஷன் கவுன்ட்டரில் 10,000 முன்பணம் வாங்கும்போதே, "ஃபைல்ல வைக்கணும்" என்று அந்தக் கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். அது திரும்பி வரவே இல்லை. 12,000 என்று எழுதியிருந்த ஒரே காகிதம் அதுதான்!

அந்த வெறும் வயிறு விஷயத்தை கவனியுங்கள். வெறும் லோக்கல் ஊசிக்கு, அதாவது அந்த இடத்தை மட்டும் மரக்கவைப்பதற்கு, பொதுவாகப் பட்டினி தேவையில்லை. பட்டினி போடச் சொல்வது மயக்க மருந்து டாக்டர் வரும் கேஸுக்கு. அதாவது அந்தப் பில்லுக்கு முதல் நாளே அடி போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் நீட்டிய பில் இது. சர்ஜன் 9,000. உதவி சர்ஜன் 2,250. மயக்க மருந்து டாக்டர் 4,500. தியேட்டர் வாடகை 7,500. காட்டரி (ரத்தக் குழாயைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) உபயோகம் 1,800. மானிட்டர் 900. டே கேர் படுக்கை 2,500. நர்ஸிங் 600. பதிவுக் கட்டணம் 500. டெஸ்ட் 4,110. பார்மஸி 7,640. கூட்டினால் 41,300. முன்பணம் போக 31,300 கட்டினால்தான் டிஸ்சார்ஜ் சம்மரி என்றார்கள். தம்பி கார்டை ஸ்வைப் செய்துவிட்டு அத்தையை அழைத்து வந்தான். வலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷியை வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவார்கள்? அது அவர்களுக்கும் தெரியும்.

பேக்கேஜ் என்னாச்சு என்று கேட்டதற்கு வந்த பதில்: "அது சர்ஜன் ப்ளஸ் பேசிக் ஓடி மட்டும் சார். அனஸ்தீசியா, கன்ஸ்யூமபிள்ஸ், இன்வெஸ்டிகேஷன் எல்லாம் ஆக்சுவல்ஸ்." அதாவது மயக்க மருந்து, பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பொருள்கள், டெஸ்ட் எல்லாம் ஆகிற செலவைத் தனியாகக் கட்ட வேண்டுமாம். சரி, சர்ஜனுக்கும் தியேட்டருக்கும் தனித்தனியாகப் போட்டதைக் கூட்டினாலே 16,500 வருகிறதே என்றால் பதில் இல்லை.

மயக்க மருந்து டாக்டர் விஷயம் இன்னும் மோசம். அத்தை கடைசிவரை முழு நினைவோடு, நர்ஸிடம் பேசிக்கொண்டே குப்புறப் படுத்திருந்திருக்கிறார். தியேட்டருக்குள் சர்ஜனைத் தவிர வேறு டாக்டர் யாரும் வந்து அவரிடம் பேசவில்லை. மயக்க மருந்து டாக்டர் ஒரு கேஸில் நின்றால் முன்பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கும். நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்த சார்ட் ஒன்று இருக்கும். அந்த இரண்டு தாளைத்தான் கேட்டோம். இன்றுவரை காட்டவில்லை. 4,500 மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பார்மஸி பில்லைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லி வாங்கியபோதுதான் கை நடுங்கியது. லிக்னோகைன் வித் அட்ரினலின், 30 மில்லி பாட்டில், மூன்று. கணக்குப் போடுங்கள். அட்ரினலின் கலந்த லிக்னோகைனுக்கு உச்ச அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம். அத்தை எடை 60 கிலோ, ஆக 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது 21 மில்லி, ஒரு பாட்டில்கூட முழுசாக இல்லை. மூன்று பாட்டில் என்றால் 1,800 மில்லிகிராம். அது உடம்புக்குள் போயிருந்தால் வலிப்பு வந்து இதயமே நின்றிருக்கலாம். போகவில்லை, அத்தை நன்றாக இருக்கிறார். அப்படியானால் மீதி எங்கே?

கிளவுஸ் 12 ஜோடி. கை கழுவி நின்றது மூன்று பேர், கிழிந்தது, மாற்றியது என்று வைத்தாலும் ஐந்து ஜோடி போதும். தையல் நூல் நான்கு பாக்கெட், தேவை இரண்டு. செஃபபெரசோன் சல்பாக்டம் இரண்டு ஊசி. சீழ் இல்லாத சாதா கட்டி என்று அவர்களே எழுதியிருக்கும்போது இவ்வளவு கனமான ஆன்டிபயாட்டிக் எதற்கு? வாந்திக்கு ஒரு ஊசி, வயிற்றுக்கு ஒரு ஊசி. வாந்தியே வரவில்லை.

இது எப்படி நடக்கிறது என்றால், சில இடங்களில் எந்தக் கேஸாக இருந்தாலும் ஒரே இன்டென்ட் லிஸ்ட்தான் (தேவையான பொருள்களின் பட்டியல்) பார்மஸிக்குப் போகும். பித்தப்பை ஆபரேஷனுக்குப் போகிற அதே கிட் முதுகுக் கட்டிக்கும் வரும். பிரிக்காத பொருளைப் பார்மஸிக்குத் திருப்பி, நோயாளி கணக்கில் கழிக்க வேண்டும். அதற்கு ரிட்டர்ன் பில் என்று பெயர். திருப்பாமல் தியேட்டர் அலமாரியில் வைத்தால் அடுத்த நோயாளிக்கும் அதே பொருள், இன்னொரு பில். அத்தை பில்லில் ரிட்டர்ன்: பூஜ்யம். "எல்லாம் எம்.ஆர்.பி.தான் மேடம்" என்று பெருமையாக வேறு சொல்கிறார்கள். அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கும் ஆஸ்பத்திரி கொள்முதல் விலைக்கும் நடுவில்தான் கொள்ளையே இருக்கிறது. 2018-ல் டெல்லி வட்டாரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் நான்கின் பில்களை மருந்து விலை ஆணையம் அலசியபோது, சில பொருள்களில் 1,737 சதவீதம் வரை லாபம் இருந்தது வெளியே வந்தது.

டெஸ்ட் 4,110-ல் எக்கோ (இதய ஸ்கேன்) மட்டும் 1,800. இதய நோய் எதுவும் இல்லாதவருக்கு, லோக்கல் ஊசியில் எடுக்கிற கட்டிக்கு எக்கோ. மேலே எழுத ஒன்றுமில்லை.

காசு போனது ஒரு பக்கம். வேலையாவது ஒழுங்காக நடந்ததா? அந்த வாரம் கட்டி சிவந்து, தொட்டாலே வலித்தது. அப்படி வீங்கியிருக்கும்போது பை இற்றுப்போய் இருக்கும், முழுசாக உருவ வராது. வீக்கம் வற்றும்வரை சில வாரம் பொறுத்துத்தான் எடுப்பார்கள். சீழ் வைத்திருந்தால் கீறி வடியவிட்டு, பிறகு எடுப்பார்கள். இங்கே அவசரமாக எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிஸ்ட் துண்டு துண்டாக அகற்றப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். அதை வாய் திறந்து யாரும் சொல்லவில்லை.

எடுத்த கட்டியை பயாப்ஸிக்கு அனுப்பினீர்களா என்றால், "டிஸ்கார்ட் பண்ணியாச்சு, நார்மல்தான்." கண்ணால் பார்த்து நார்மல் என்று சொல்ல முடியுமானால் பெத்தாலஜி லேப் எதற்கு? பத்து சதவீத ஃபார்மலின் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) ஊற்றிய ஜாடி, மேலே நோயாளி பெயர், நம்பர். இதற்கு ஆகிற செலவு அந்த எக்கோவை விடக் குறைவுதான். அபூர்வமாக இந்த மாதிரிக் கட்டிக்குள் புற்று ஒளிந்திருப்பது உண்டு. 41,300 பில்லில் தேவையான ஒரே டெஸ்ட் அது, அதுதான் இல்லை.

அடுத்து தையல். முகத்தில் போட்ட தையலை ஐந்தாம் நாள் வாக்கில் பிரிக்கலாம். முதுகுத் தோல் ஒவ்வொரு அசைவுக்கும் இழுபடும், 10 முதல் 14 நாள் விட வேண்டும். இவர்கள் ஏழாம் நாளே பிரித்தார்கள், காரணம் சர்ஜன் அடுத்த வாரம் வரமாட்டாராம். மறுநாள் காயம் வாய் பிளந்துவிட்டது. மறுபடி தைக்காமல், "ட்ரெஸ்ஸிங்லயே ஆறிரும்" என்று ஒவ்வொரு தடவையும் 650 வாங்கினார்கள். அது இந்த 41,300-ல் சேராத கணக்கு.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில், "டே கேர்ல போட்டு வாங்கிரலாம், கவலைப்படாதீங்க" என்றார்கள். கம்பெனி மறுத்துவிட்டது. டே கேர் என்றால், 24 மணி நேரத்துக்கு மேல் படுக்க வேண்டியிருந்த சிகிச்சை தொழில்நுட்ப வளர்ச்சியால் அதற்குள் முடிவது என்பது பாலிசியில் இருக்கும் வரையறை. ஓபியிலேயே செய்யக்கூடியது அதில் வராது என்று கடிதம். இதே டெஸ்க்கில் தினமும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது தெரியாதா?

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. பில்லிங்கில் கேட்டால் "டாக்டர் எழுதுனதத்தான் போடுறோம்." டாக்டரைக் கேட்டால் "நான் விசிட்டிங், பில் மேனேஜ்மென்ட் விஷயம்." மேனேஜ்மென்ட் என்றால் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி), அவர் எப்போதும் மீட்டிங்கில். அந்தக் கவுன்சிலர் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாராம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லுக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. கூகுளில் ஒரு ஸ்டார் போட்டதும்தான் பி.ஆர்.ஓ.வே கூப்பிட்டார், அதைத் தூக்கச் சொல்லி. பதிலுக்கு என்ன தருவாராம் தெரியுமா? "அடுத்த கன்சல்டேஷன் ஃப்ரீ மேடம்." கூடுதலாகப் பிடுங்கியது 29,300 ரூபாய், நீட்டுவது ஒரு ஓபி சீட்டு!

கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகல் கேட்டதற்கு "அதெல்லாம் பேஷன்ட்டுக்குக் குடுக்க மாட்டோம்" என்றார்கள். அப்பட்டமான பொய். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவமும் முழுக்க ஆங்கிலம். லோக்கல், மயக்கம், முழு மயக்கம் மூன்றையும் அச்சடித்து, எதையும் அடிக்காமல் அத்தையிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று விளங்கச் சொல்லி வாங்குவதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லியாயிற்று.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அத்தைக்கு ட்ரெஸ்ஸிங்குக்குக் கிளம்ப வேண்டும் (வேறு இடத்தில்தான்), அவசரமாக நாலு வார்த்தை.

பேக்கேஜ் என்றால் எது சேரும், எது சேராது என்று ஆஸ்பத்திரி சீல் போட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தந்ததைப் படம் எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். லோக்கலா மயக்கமா என்று சர்ஜனிடமே கேளுங்கள், லோக்கல் என்றால் மயக்க மருந்து டாக்டர் கட்டணம் எதற்கு என்றும் கேளுங்கள். காசு கட்டும் முன் பார்மஸி பில்லைப் பிரித்து வாங்கி, ரிட்டர்ன் எவ்வளவு என்று பாருங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் ஆபரேஷன் பெயரைச் சொல்லி கம்பெனியிடமே மெயிலில் பதில் வாங்குங்கள், டெஸ்க்கை நம்பாதீர்கள். எடுத்த கட்டியை ஜாடியோடு காட்டச் சொல்லுங்கள்.

ஏமாந்த பிறகு என்றால்: தனியார் ஆஸ்பத்திரி மேல் புகாரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். எங்களுடையது போயிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருஷம் அவகாசம் உண்டு, கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 41,300-க்கு நாங்கள் அங்கேதான் போகிறோம். இதே ஆஸ்பத்திரி என்று சந்தேகம் வந்து, உங்கள் பில்லிலும் மூன்று பாட்டில் லிக்னோகைன் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.