மூன்றேகால் அங்குலத்தைக் காணோம்

மகளின் பி.ஏ. பாடத்துக்காக ஆன்லைனில் 149 ரூபாய்க்கு வாங்கிய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ இது. நத்தானியல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட நாவல். அவள் பரீட்சை முடிந்ததும் புத்தகம் என் ஆரி ஃப்ரேமுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. பகலில் பிளவுஸ் வேலை, ராத்திரி நாலைந்து பக்கம் என்று மெதுவாகப் படித்து முடித்தேன். நாவலுக்கு ஐந்து நட்சத்திரம். இந்தப் பதிப்புக்கு இரண்டுதான்.

முதலில் அட்டை. ஸ்டென்சில் வைத்து அடித்த மாதிரி தட்டையாக ஒரு சிவப்பு ‘ஏ’. இரண்டாம் அத்தியாயத்தைப் படித்தவர் இப்படி வரைய மாட்டார். 17ஆம் நூற்றாண்டு பாஸ்டன். கணவன் ஊரில் இல்லாத காலத்தில் குழந்தை பெற்ற ஹெஸ்டர் பிரின், ‘அடல்ட்ரி’ (கள்ள உறவு) என்ற சொல்லின் முதலெழுத்தான அந்த ‘ஏ’வை நெஞ்சில் அணிந்து தண்டனை மேடையில் நிற்க வேண்டும் என்பது பியூரிட்டன்கள் என்ற கடும் கட்டுப்பாடுள்ள கிறிஸ்தவர்களின் தீர்ப்பு. சிறையிலிருந்து அவள் வெளியே வருகிறாள். பார்த்தால் நல்ல சிவப்புத் துணி, சுற்றிலும் தங்க இழை வேலைப்பாடு! கூட்டத்துப் பெண்களுக்கு வயிறு எரிகிறது. கைவேலை தெரியும்தான், அதை இதிலா காட்டுவாள் என்று ஒருத்தி பொருமுகிறாள்.

ஐந்தாம் அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். ஊர் ஒதுக்கிய ஹெஸ்டர் ஊசியால்தான் பிழைக்கிறாள். கவர்னரின் கழுத்துப்பட்டை, குழந்தையின் தொப்பி, பெட்டிக்குள் போகும் பிணத்தின் துணி எல்லாவற்றுக்கும் அவள் வேலை வேண்டும். கல்யாணப் பெண்ணின் வெள்ளை முக்காட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு முக்கால்வாசி வருமானம் கல்யாண பிளவுஸில்தான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

குழந்தையின் அப்பா, போதகர் டிம்ஸ்டேல், ஏழு வருஷம் வாய் திறப்பதில்லை. நான் பெரும்பாவி என்று பிரசங்கத்தில் பொத்தாம்பொதுவாக அவர் சொல்லச் சொல்ல, சபை அவரை இன்னும் புனிதராக்குகிறது. உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார், சரி. எனக்கென்னவோ அவர்மேல் பெரிதாக இரக்கம் வரவில்லை.

அப்புறம், முக்கியமான குறை. ‘கஸ்டம் ஹவுஸ்’ என்ற நீண்ட முன்னுரையையே வெட்டிவிட்டார்கள். அட்டையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் சொல்லித்தான் தெரிந்தது. குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகப் படித்தேன். அமெரிக்காவில் இருக்கும் சேலம் ஊரின் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பழைய காகிதக் கட்டில் அந்தத் துணி எழுத்து கிடைத்ததாகக் கதை கட்டுகிறார் ஹாதார்ன். அளந்தும் பார்க்கிறார்: ‘ஏ’வின் ஒவ்வொரு காலும் சரியாக மூன்றேகால் அங்குலம். அந்தத் தையல் இப்போது மறந்துபோன கலை என்கிறார். தன் முன்னோர்கள் செய்த கொடுமைக்கான வெட்கத்தைத் தானே ஏற்பதாகச் சொல்வதும் இங்கேதான். அவர்களில் ஒருவர் 1692 சேலம் சூனிய வழக்குகளை விசாரித்த ஜான் ஹாதார்ன். இதை எடுத்துவிட்டு எதை விற்கிறார்கள்?

பைண்டிங்கில் தையலே கிடையாது, வெறும் பசை. போதகர் நடுராத்திரியில் மேடையேறும் பன்னிரண்டாம் அத்தியாயம் தனியாகக் கையோடு வந்துவிட்டது. திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டிவிட்டது. வாங்குகிறவர்கள் பொருளடக்கத்தில் ‘கஸ்டம் ஹவுஸ்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் பிரதியை நானே கெட்டி நூல் கோத்துத் தைத்துக்கொண்டேன்.