நடுகல் படமெடுக்க எல்இடி விளக்கும் 24 வோல்ட் பேட்டரிப் பெட்டியும்: ரெண்டு கோடை தாண்டிய அனுபவம்

வீட்டிலேயே எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி போட்டோ லைட் செய்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு எந்த 12 வோல்ட் பேட்டரி வாங்கலாம் என்றுதான். 12 வோல்ட் பேட்டரியே வேண்டாம் என்பேன். 24 வோல்ட்டில் கட்டுங்கள், விளக்குக்குப் பக்கத்தில் வைத்து 12-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். ரெண்டு கோடை, ரெண்டு மழைக்காலம் இதைக் காடு மேடெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்த பிறகு சொல்கிறேன்.

எனக்கு விளக்கு தேவைப்பட்டது நடுகல், அதாவது சண்டையில் விழுந்த வீரனுக்கு நட்ட கல், படமெடுக்க. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் புளியமரத்தடியிலும் வரப்போரத்திலும் நிற்கிற கற்கள், நிறைய ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அங்கே பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போவது? தேய்ந்த வட்டெழுத்தின் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) மேல் நேரே வெளிச்சம் அடித்தால் வெறும் கல்தான் தெரியும். கல்லின் பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் தாழ்வாக அடிக்க வேண்டும், அப்போதுதான் கீறலின் ஒரு கரை வெளுத்து மறு கரை நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். ஃபிளாஷில் எடுத்தால் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும், எரிந்துகொண்டே இருக்கிற விளக்கு என்றால் கையால் நகர்த்தி நகர்த்தி எந்தக் கோணத்தில் எழுத்து வருகிறது என்று அங்கேயே பார்க்கலாம். கேமராவை அசைக்காமல் கல்லைச் சுற்றி விளக்கை மட்டும் மாற்றி மாற்றி வரிசையாக எடுக்கும்போது முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வெளிச்சம் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட்டுப் படிக்க முடியாது. வெளிச்சம் எவ்வளவு என்பதை விட, கடைசி வரை மாறாமல் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆரம்பத்தில் யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரியில் ஓட்டினேன். ரெண்டு கிலோவுக்கு மேல் எடை, ரெண்டு விளக்கையும் முழுசாகப் போட்டால் முக்கால் மணி நேரம்கூட உறுதியில்லை, அதிலும் வோல்ட்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். அந்த 7 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக உறிஞ்சினால் கிடைக்கிற கணக்கு, நாம் உறிஞ்சுகிற வேகத்தில் அது கிடைக்காது.

இப்போது இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 32700 செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் 6 ஏஎச். எட்டு செல்லையும் வரிசையாகக் கோர்த்தால் 25.6 வோல்ட், ஏறக்குறைய 150 வாட்-அவர். இதே எட்டு செல்லை நாலு நாலாக இணைத்து 12.8 வோல்ட்டாகவும் கட்டலாம், சக்தி ஒன்றுதான், நிறைய பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் முழுசா சார்ஜ் ஏறும்போது அது 14.6 வோல்ட். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்ததுதான் ஒரு துண்டு. எல்இடிகளே 9 வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ரெசிஸ்டர் மேல் விழும், அதனால் ரெண்டு வோல்ட் கூடினாலே கரண்ட் எகிறிவிடும், ஸ்ட்ரிப் கொதிக்கும். நடுவில் பக் கன்வர்ட்டர் (வோல்ட்டேஜை மாற்றித் தருகிற போர்டு) போடலாமே என்றால், பக் கன்வர்ட்டர் இறக்கத்தான் செய்யும், 12.5 உள்ளே போனால் 12 ஒழுங்காக வெளியே வருவதே சந்தேகம். 24 வோல்ட் ஸ்ட்ரிப்பை 24 வோல்ட் பேட்டரியில் நேரே மாட்டினாலும் இதே கதைதான்.

அப்புறம் ஒயர். விளக்கு ஒவ்வொன்றும் ரெண்டரை மீட்டர் ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட், ஆக 36 வாட், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஐந்து மீட்டர் இழுத்தால் போகவர பத்து மீட்டர், அதிலேயே 0.8 வோல்ட் போய்விடும், வெளிச்சத்தில் கால்பங்கு காணாது. 24 வோல்ட்டில் அனுப்பினால் கரண்ட் பாதி, இழப்பும் பாதி, அந்த இழப்பையும் விளக்கின் முதுகில் இருக்கிற பக் கன்வர்ட்டர் கண்டுகொள்ளாது, 12 கேட்டால் 12 தரும். பேட்டரியில் முக்கால் தீர்ந்த பிறகும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், அதே 12.

நான் போட்டிருப்பது எக்ஸ்எல் 4016 சிப் உள்ள போர்டு. 8 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லப்படுவதை 3 ஆம்பியரில் ஓட்டுவதால் வெயில் நாளிலும் கை வைக்கிற சூடுதான். அதிலுள்ள குட்டித் திருகைக் கழற்றிவிட்டு வெளியே ஒரு குமிழ் வைத்துக்கொண்டேன், 12-லிருந்து 9 வரை இறக்கினால் விளக்கு சீராக மங்கும். கடையில் விற்கிற பிடபிள்யூஎம் டிம்மர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் மங்கலாக்கும், ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். இதில் அந்தத் தொல்லையே கிடையாது. ஒன்று மட்டும் கவனம்: குமிழை முழுசாகத் திருப்பினாலும் 12-ஐத் தாண்டாதபடி ரெசிஸ்டர் போட்டுக் கட்டுப்படுத்துங்கள், இல்லையென்றால் பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே ஸ்ட்ரிப்பில் ஏறிவிடும்.

ஃப்யூஸ் இல்லாமல் லித்தியம் பேட்டரியை வெளியே எடுக்கவே கூடாது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் காரில் போடுகிற பிளேடு ஃப்யூஸ், 7.5 ஆம்பியர். அந்த ஃப்யூஸ்கள் 32 வோல்ட் வரைக்கும்தான், முழு சார்ஜில் நம்முடையது 29.2, அதனால் சரி. செல்லில் நேரடியாக சால்டரிங் வைக்காதீர்கள், சூடு உள்ளே இறங்கும். ஓசூரில் இ-பைக் பேட்டரி வேலை பார்க்கிற கடையில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து வாங்கினேன், பி.எம்.எஸ்ஸும் (பேட்டரியைக் காக்கிற போர்டு) கன்வர்ட்டரும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில். இணைப்புக்கு எக்ஸ்டி60 பிளக், தலைகீழாக மாட்டவே முடியாது, இருட்டில் தடவி மாட்டுகிறவனுக்கு அது பெரிய நிம்மதி.

ஒரு சாயங்காலம் அரூர் பக்கம் ஒரு காட்டில் விளக்கைக் கல்லுக்கு வலப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். வில் பிடித்த கை, இடுப்புக் கச்சையின் மடிப்பு, அப்புறம் தலைக்கு மேல் வரிவரியாக எழுத்து. ஒரு வரியில் 'தொறு' என்பது தெளிவாகவே வந்தது, தொறு என்றால் மாட்டு மந்தை, அதை மீட்கப் போய் விழுந்த ஆள். காட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புடறோமுங்க, எழுத்து இருக்கறதே தெரியாதுங்க தம்பி" என்றார். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு அப்புவது எல்லாம் இனி யாரும் செய்ய வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் வெயிலில் நின்ற கல்லை நாம் தேய்த்துக் கெடுக்கக் கூடாது. அந்த மஞ்சளும் குங்குமமும் படத்தில் சரியாக வர சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள ஸ்ட்ரிப்பாகப் பாருங்கள், மலிவானதில் சிவப்புக் குறைவு, குங்குமம் பழுப்பாகத்தான் விழும்.

இத்தனை நாளில் பழுதானது என்றால், ஸ்ட்ரிப்பின் பின்பக்கப் பசை. சித்திரை வெயிலில் அலுமினியத் தகட்டை விட்டு உரிந்து வந்தது, இப்போது சிலிக்கான் பசை. ஒயர் இழுபட்டு சால்டரிங் பட்டையோடு பெயர்ந்ததும் உண்டு, ஜிப் டை போட்டுத் தகட்டோடு கட்டிய பிறகு அது இல்லை. பேட்டரியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரெண்டு விளக்கும் முழுசாக எரிந்தால் இன்னமும் ஒன்றே முக்கால் மணி நேரம் வருகிறது, ஒன்றை மட்டும் பாதியில் வைத்தால் ராத்திரி முழுக்கத் தாங்கும். பைக் பெட்டியில் வெயிலில் வைத்துவிட்டு வந்து சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. நான் வீடு வந்து, நன்றாக ஆறிய பிறகுதான் போடுவேன்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போகிறவர்கள் மட்டும் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு. அங்கே நான் பகலில்தான் எடுக்கிறேன். கறுப்புப் போர்வையை நாலு குச்சியில் கட்டி நிழலாக்கி, விளக்கை முழு 12-ல் வைத்தால் எழுத்து வருகிறது.