மெல்போர்ன் பசங்களோட சென்னையில மூணு வீக்கெண்ட்

ஊருக்குக் கிளம்புறோம்னாலே எங்க அத்தை போன்ல கேக்குறது ஒண்ணுதான், "பசங்களுக்கு இங்க போரடிக்குமேம்மா, என்ன பண்ணப் போறே?" போன தடவை அது நெஜமாவே நடந்துச்சு, மூணு வாரத்துல நாலு மால் பாத்துட்டு வந்தோம், சின்னவன் இந்தியான்னாலே எஸ்கலேட்டர்னு நெனச்சுட்டான். அதனால இந்த ஜனவரில ஒரே முடிவு, மால் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கறதில்ல. (ஒரு தடவை படுக்க வேண்டியதாப் போச்சு, சொல்றேன்.)

மூத்தவளுக்கு 12, சின்னவனுக்கு 6. வீடு திருவான்மியூர்.

வந்த ஜெட்லாக்கோட மறுநாளே எழும்பூர் மியூசியம் போனா கேட்டு பூட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை லீவாம். 1851ல ஆரம்பிச்ச மியூசியம், நமக்காகவா மாத்துவாங்க, தப்பு என்மேலதான். தட்சிணசித்ரா, கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர் ஜூ இதெல்லாம் செவ்வாய்க்கிழமை லீவு, குறிச்சு வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை திரும்பப் போனோம், சின்னவன் திமிங்கல எலும்புக்கூட்டைப் பாத்துட்டு நகரவே மாட்டேன்னுட்டான், எனக்கு வெண்கலச் சிலை கேலரில திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கணும்னு ஆசை, பத்து நிமிஷம் குடுத்தாங்க.

இந்த ட்ரிப்ல காசு குடுத்ததுக்கு மனசு நெறஞ்ச இடம்னா முட்டுக்காடு தட்சிணசித்ராதான். 1996ல திறந்தது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரான்னு பழைய வீடுகளை மரம், தூண், கதவுன்னு பிரிச்சு எடுத்துட்டு வந்து அங்க திரும்பக் கட்டி வச்சிருக்காங்க. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணைல பசங்க ரெண்டும் ஏறிப் படுத்துக்கிட்டாங்க, யாரும் எழுப்பல. ஆனா அவங்களுக்குப் பிடிச்சது மண்பானை செய்யுற எடம். சக்கரத்துல உக்காந்திருந்த பெரியவர் சின்னவன் கைமேல தன் கையை வச்சு, "அழுத்தாத கண்ணு, புடிச்சிக்கிட்டாப் போதும், மண்ணு தானா ஏறும்"னார். இவன் அழுத்துனான். மூணு தடவை சரிஞ்சுது, மூணு தடவையும் அவர் மூஞ்சி சுளிக்காம மண்ணை உருட்டித் திரும்ப நடுவுல வச்சார், நாலாவது தடவை கோணலா ஒண்ணு வந்துச்சு. நூலால அடியை அறுத்து எடுத்துக் கைல குடுத்தப்போ அவன் மூச்சே விடல. பாத்ரூம் சுத்தமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன், பசங்களோட போறவங்களுக்கு அதுதான் முக்கியம்.

இதை அப்படியே அந்த மால்ல நடந்ததோட வச்சுப் பாருங்க. சொந்தக்காரங்க சொன்னாங்களேன்னு ஒரு "கிட்ஸ் ஆர்ட் ஒர்க்‌ஷாப்"புக்கு சனிக்கிழமை காலைல ரெண்டு பேருக்கும் பணம் கட்டினேன், சின்னத் தொகை இல்ல. போனா ஆளுக்கு ஒரு பிரிண்ட் போட்ட மயில், ஆறு ஸ்கெட்ச் பேனா, அதுல பச்சை எழுதல. மயிலுக்குப் பச்சை இல்ல! முக்கால் மணி நேரம் கழிச்சு சர்டிபிகேட் குடுத்து போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. மூத்தவ கார்ல ஏறினதும், "அம்மா, அந்தப் பானைத் தாத்தாகிட்டயே போயிருக்கலாம்"னா.

தட்சிணசித்ராவுக்கு அப்புறம் அதே ரோட்டுல இன்னும் தெற்கே போனா வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976ல ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்சது. முதலையைவிட எங்களுக்குப் பிடிச்சது அங்க இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க பாம்பு விஷம் எடுத்துக் காட்டுறதுதான், அதுக்குத் தனி டிக்கெட். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், ஒவ்வொண்ணும் துணி கட்டின மண்பானைக்குள்ள. இந்த விஷத்துலதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்யறாங்கன்னு சொன்னதும் சின்னவன், "அப்போ கடிச்ச பாம்பே மருந்து குடுக்குதா?"ன்னு கேட்டான். ஒரு எச்சரிக்கை, போறதுக்கு ஆப்ல வண்டி ஈஸியாக் கிடைச்சுரும், திரும்பி வர ஒருத்தரும் வரமாட்டாங்க, ஒண்ணரை மணி நேரம் ரோட்டுல நின்னோம். முழு நாளுக்கும் வண்டி பேசிட்டே போங்க.

அப்புறம் இந்த ஓடிபி. ஆன்லைன்ல எதை புக் பண்ணப் போனாலும் இந்திய நம்பர் கேக்குது, யூபிஐ கேக்குது, நம்மகிட்ட ரெண்டும் இல்ல, எல்லாமே மாமனார் போனுக்குத்தான் போகுது, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடறதுக்குள்ள டைம் முடிஞ்சுரும்.

கடலாமை முட்டையைத் தேடிக் கடற்கரையில நடக்குற ஆமை நடைக்கு மூத்தவளை மட்டும் கூட்டிட்டுப் போனேன். 1988ல இருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்புன்னு ஒண்ணு இதைப் பண்ணிட்டு வராங்க, முட்டையிடற சீசன்ல ராத்திரில நீலாங்கரைல ஆரம்பிச்சு பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர் மணல்ல நடக்கணும், டார்ச் அடிக்கக் கூடாது. மொதல்ல பாத்தது ரெண்டு செத்த ஆமை. விசைப்படகு வலைல மாட்டினா மூச்சு விட மேல வர முடியாதாம். இவ ஒண்ணும் பேசாம என் கையைப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு மணி வாக்குல டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம், பங்குனி ஆமை ஏறி வந்துட்டுப் போயிருக்கு. காலேஜ் பையன் ஒருத்தர் குச்சியை மணல்ல மெதுவாக் குத்திக் குத்திப் பாத்து, ஒரு எடத்துல சட்டுனு இறங்கினதும் நிறுத்திக் கையால தோண்டினார். டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி முட்டைங்க, நூத்துக்கு மேல. அதை எடுத்துட்டுப் போயி பொரிப்பகத்துல அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கறாங்க. பொரிய 45 நாளுக்கு மேல ஆகும், அதுக்குள்ள எங்களுக்கு ஸ்கூல் தொறந்துரும்.

போன வாரம் மாமனார் சாயங்காலம் பெசன்ட் நகர் போயி குஞ்சுகளைக் கடல்ல விடறதை வீடியோ எடுத்து அனுப்பினார். பாதிக்கு மேல அவர் கட்டைவிரல்தான் தெரியுது. மூத்தவ அதையே ஒம்பது தடவை பாத்துட்டா.