மீட்டர் மலிவு, ஸ்ட்ரிப்தான் வில்லங்கம்

பண்டாரவளையில் இருக்கும் நண்பனின் அப்பாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். "மச்சான், உங்க அம்மாவுக்கு ஒரு மிசின் வாங்கினியே, எப்படி, வாங்கலாமா?" என்று போனில் கேட்டான். பதில் சொல்லச் சொல்ல எனக்கே கோபம் ஏறியதால், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதியதும் கொஞ்சம் நீண்டுவிட்டது. இதே கேள்வி உள்ள மற்றவர்களும் வாசிக்கட்டும்.

2020 கடைசியில் வாங்கியது. சாதாரண குளுக்கோமீட்டர். விரலில் குத்தி, மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் என்ற சின்னப் பரிசோதனைப் பட்டையில் ஒரு சொட்டு இரத்தம் தொட்டால் சில நொடியில் எண் வரும். அம்மா கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். இன்னும் லயத்தில்தான் (தோட்டத்து வரிசை வீடு) இருக்கிறார். நான் நுவரெலியா டவுனில் வேலை. சீனி மாத்திரைகளான மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் கிளினிக்கில் கிடைக்கிறது.

முதலில் மீட்டருக்கு நியாயமாகப் பேசிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ரிப்பேருக்குப் போகவில்லை. அடுப்படியில் விழுந்திருக்கிறது, ஒருமுறை பேரப்பிள்ளை அதைப் போன் என்று காதில் வைத்துக்கொண்டு தோட்டம் சுற்றியிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி தட்டையான 2032 பொத்தான் பேட்டரி, எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். கணக்கும் மோசமில்லை. லேபில் 165 வந்த நாளில் இதில் 180 காட்டியது. "மிசின் பொய் சொல்லுது" என்று அண்ணி சொன்னார். பொய் இல்லை. இந்த வகை மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே, சீனி 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்கிறது. ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், போக்கைப் பார்க்கப் பழகினால் போதும். இன்னொன்று: இரத்தச் சோகை உள்ளவர்களுக்கு மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். தோட்டத்துப் பெண்களில் சோகை இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும், அதனால் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி புலம்பல்.

எங்கள் மீட்டரின் கையேட்டில் 10 பாகை செல்சியஸ் முதல் 40 வரையான வெப்பநிலையில் வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது வெறும் எழுத்து. ஜனவரி மாதம் விடியற்காலையில் இங்கே புல்லில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்து கிடக்கும். தகரக் கூரை லயத்தில் வெறும் வயிற்றுச் சீனி பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். மீட்டரைத் திறந்தால் வெப்பமானிப் படம் ஒன்று மின்னும், அவ்வளவுதான். அம்மா அதைச் சேலை மடிப்பில் கட்டி வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டி, சாயத்தண்ணி (பால் இல்லாத தேத்தண்ணி) கொதிக்கும்வரை காத்திருப்பார். அப்புறம்தான் அது வேலைக்கு வரும். பரவாயில்லை, அந்த நேரத்தில் ஸ்ட்ரிப் வீணாவதில்லை.

வீணாவது விரலில். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து கிள்ளிய விரல் எப்படி இருக்கும் என்று இந்த மீட்டர் செய்தவர்களுக்குத் தெரியாது. ஆள்காட்டி விரலும் பெருவிரலும் தோல் தடித்து, வெடிப்பு வெடிப்பாய், வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுப்பாய் இறங்கி நிற்கிறது. ஊசியைக் குறைந்த ஆழத்தில் வைத்தால் தோலே தாண்டாது. ஆழம் கூட்டினால் வலிக்கிறது, ஆனால் குளிரில் இரத்தம் வராது. பிதுக்கிப் பிதுக்கி ஒரு கடுகளவு வந்ததும் ஸ்ட்ரிப்பைத் தொட்டால், இரத்தம் போதாது என்று பிழை காட்டிவிட்டு அந்த ஸ்ட்ரிப்பைச் சாகடித்துவிடும். "ஏண்டா தம்பி, ரத்தமும் குடிச்சிட்டு கணக்கும் சொல்ல மாட்டேங்குதே" என்றார் அம்மா. கொழுந்துக்கு அதிகம் படாத மோதிர விரலின் பக்கவாட்டில், வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்துவிட்டுக் குத்தினால் வருகிறது. இதை எந்தக் கையேடும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு ஸ்ட்ரிப் போனால் என்ன என்று கேட்பவர்கள் விலையைப் பார்த்ததில்லை. 50 ஸ்ட்ரிப் டப்பா ஒன்றின் விலை கிட்டத்தட்ட மீட்டரின் விலை. மீட்டரை ஏன் மலிவாகத் தருகிறார்கள் என்று இரண்டாவது டப்பா வாங்கும்போது புரியும். அந்த மீட்டருக்கு அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப்தான் பொருந்தும். 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போனபோது டப்பா விலையும் கூடவே ஏறியது. மருந்துகளுக்கும் மார்ச் மாதம் 29 சதவீதம், அடுத்த மாதக் கடைசியில் இன்னும் 60 மருந்துகளுக்கு 40 சதவீதம் கூட்டினார்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது அதற்கு முந்தைய வருடம்தான். 1350 ஆவதற்கு 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு டப்பாவுக்கு எத்தனை பேர் (ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை) போட வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்னொரு கொடுமை. எங்கள் டப்பாவைத் திறந்தால் மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். இங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெடும். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஒருவருக்கு மூன்று மாதத்தில் பதின்மூன்று போதும். மீதி முப்பத்தேழு குப்பைக்கு. 25 ஸ்ட்ரிப் உள்ள சின்ன டப்பா வாங்கினால் ஒரு ஸ்ட்ரிப்பின் விலை கூடுகிறது. தனித்தனியாகத் தாளில் சுற்றி வரும் ஸ்ட்ரிப் உள்ள மீட்டரும் இருக்கிறது, புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, இதற்கு உதவி கிடைக்காதா? தேடினேன். இலவச வைத்தியம் என்ற பெயரை நான் குறை சொல்ல மாட்டேன். மாத்திரை இலவசம், வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை இலவசம், இன்சுலினுக்குப் போனால் அதுவும் இலவசம். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் மரியாதை. ஆனால் கிளினிக் நாளில் அம்மா தனியாகப் போக முடியாது, அண்ணி கூடப் போனால் அவருக்கு அன்றைய பேர் இல்லை. விடிய முன்னே த்ரீவீல், நம்பர் எடுக்க வரிசை, பசியோடு மத்தியானம் வரை. 2022இல் மருந்து இல்லாமல் போனபோது, நர்ஸ் மிஸ் ஒரு துண்டில் மருந்தின் பெயர் எழுதி வெளியில் வாங்கச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, அலுமாரி காலி. எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனைக்கும் வெளியில்தான் போக வேண்டியிருந்தது. வெளியில் மருந்து வாங்குவதென்றால் கண்டிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி அரச மருந்துக் கடையான ஒசுசலவில் வாங்குவது எங்கள் வழக்கம்.

மற்ற உதவிகளையும் பாருங்கள். அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தில் சிறுநீரக நோயாளிக்குக் கொடுப்பனவு உண்டு. ஜனாதிபதி நிதியம் பெரிய சத்திரசிகிச்சைக்கு உதவுகிறது, 2025இலிருந்து அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) அங்கத்தவர் என்றால் கண்ணுக்கு வைக்கும் லென்ஸுக்குக் காசு கிடைக்கும். எல்லாம் நல்ல திட்டம்தான். தேவைப்படுகிறவர்கள் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். ஆனால் வரிசையைக் கவனித்தீர்களா? சிறுநீரகம் போனால் உதவி, கண்ணில் புரை விழுந்தால் உதவி, காலை எடுக்க வேண்டி வந்தால் அரச ஆஸ்பத்திரியில் அதுவும் இலவசம். இதெல்லாம் வராமல் பார்த்துக்கொள்வதற்கு வேண்டிய ஸ்ட்ரிப்புக்கு மட்டும் எங்களுக்கு எந்த மேசையிலும் பதில் கிடைக்கவில்லை. ஒரு கவுண்டரில் கேட்டதற்கு, "வயசானவங்களுக்கு வீட்டுல எதுக்கு மிசின்" என்று சிரித்தார்கள்.

கடைசியில் உதவி வந்தது லயத்திலிருந்துதான். அம்மா குத்திப் பார்ப்பதைப் பார்த்துப் பக்கத்துக் காம்பரா அக்கா வந்தார், அப்புறம் அவருடைய மாமியார், அப்புறம் கோயில் பக்கத்து லயத்திலிருந்து ஒரு தாத்தா. அம்மா ஓசிக்கு விடவில்லை. ஒரு ஸ்ட்ரிப்பின் காசை எண்ணி மில்க்மெய்ட் டின்னில் போட வேண்டும், ஊசி ஆளுக்குப் புதிது, அதையும் அவரவரே கொண்டுவர வேண்டும். ஊசி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன், ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சி தொற்றும். குத்தும் பேனாவையும் அம்மா யாருக்கும் தருவதில்லை, ஆளுக்கு வெறும் ஊசிதான். இப்போது 50 ஸ்ட்ரிப் டப்பா திகதி முடிய முன்னமே தீர்ந்துவிடுகிறது. அடுத்த டப்பாவின் பெரும்பங்கு டின்னிலிருந்தே வருகிறது. அம்மா ஒரு கொப்பியில் பெயர், திகதி, எண் எழுதி வைத்திருக்கிறார். கங்காணி செக்ரோல் (வேலை வருகைப் பதிவேடு) எழுதிய மாதிரி அவ்வளவு ஒழுங்கு. கிளினிக்கில் டாக்டர் அதை வாங்கிப் பார்த்து அக்காவுடைய மருந்தை மாற்றினாராம்.

அந்த அக்காதான் ஓர் ஆடி வெள்ளி அம்மாவைக் காப்பாற்றியதும். அம்மா காலையில் பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருந்திருக்கிறார். கிளிக்லசைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. அக்கா குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே என்றாலே ஆபத்து. விரதமாவது ஒன்றாவது என்று சாயத்தண்ணியில் நாலு கரண்டி சீனி போட்டுக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறார். 92.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் மீட்டர் அனுப்புவதாகச் சொன்னால் ஒரு வார்த்தை. கனடா, லண்டன் மீட்டர்களில் எண் 7.0, 9.4 என்று வரும். 18ஆல் பெருக்கினால் நம்ம கணக்கு, 7 என்றால் 126. கணக்கு பிரச்சினையில்லை. ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காவிட்டால் அந்த மீட்டர் காட்சிப்பொருள். எனக்கு அப்படி ஒன்று வந்து அலுமாரியில் கிடக்கிறது.

இனி நண்பனுக்குப் பதில். உன் அப்பாவுக்கு மெட்ஃபோர்மின் மட்டும்தான் தருகிறார்கள் என்றாய். அது தனியாகச் சீனியை ஆபத்தாக இறக்குவது அபூர்வம். இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டு மீட்டரை வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் இங்கிலாந்தின் நைஸ் (NICE) என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டலும் சொல்கிறது. இன்சுலின் போடுபவர், கர்ப்பிணி, சீனி அடிக்கடி இறங்குபவர் என்றால் கடன் வாங்கியாவது வாங்கச் சொல்வேன். உனக்கு இப்போது வேண்டாம். அந்தக் காசில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி எடு, மீதியில், காலில் புண் வராமல் இருக்க நல்ல செருப்பு ஒன்று வாங்கிக் கொடு.

பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், நாலு. அந்த ஆடி வெள்ளியை நினைத்தால் ஒன்பது போடலாம். ஆனால் நேற்றுத்தான் புது டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன், மறுபடி விலை ஏறியிருக்கிறது, அதனால் நாலுதான். டாக்டர் இன்சுலினுக்கு மாற்றினால் சொல், எந்த மீட்டருக்கு ஸ்ட்ரிப் மலிவு என்று விசாரித்து வைக்கிறேன். மீட்டரின் விலையைக் கேட்டுக்கொண்டு கடைக்குள் போய்விடாதே.