தி பிட், முதல் சீசன்: அழச் சொல்லாத மருத்துவமனைத் தொடர்

பெரும்பாலான மருத்துவமனைத் தொடர்களில் நோயாளி கண்மூடுவதற்கு முன்பே பின்னணி இசை நமக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நம் ஊரான டர்பனைக் களமாகக் கொண்டு 2020இல் தென்னாப்பிரிக்காவின் இ.டிவியில் தொடங்கிய ‘டர்பன் ஜென்’, டெலிநாவலா என்னும் உணர்ச்சிமிகு நெடுந்தொடர் வகையைச் சேர்ந்தது என்பதால், அங்கே காதலும் பகையும் முன்னால் நிற்க, நோயாளி பின்னால் போய்விடுகிறார். 2025 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய அமெரிக்கத் தொடரான ‘தி பிட்’ இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. பிட்ஸ்பர்க் நகரின் கற்பனை மருத்துவமனை ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவின் ஒரே நாள் பணி, மணிக்கு ஓர் அத்தியாயமாக 15 அத்தியாயங்களில் விரிகிறது. பின்னணி இசை இல்லை என்றே சொல்லலாம்; கருவிகளின் ஒலியும் தள்ளுகட்டில்களின் சத்தமும் காத்திருப்போரின் முணுமுணுப்பும்தான் கேட்கின்றன.

டர்பனில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, அந்தச் சத்தமே முதலில் நம்பிக்கை தந்தது. அவசரப் பிரிவில் துக்கத்துக்கென்று தனி நேரம் கிடையாது. ஒருவர் இறந்ததும் ஊழியர்கள் ஒரு கணம் மௌனமாக நிற்கிறார்கள். உடனே அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். பார்ப்பவர் மனத்தில் அழுகை தேங்கிக்கொண்டே வருவது இதனால்தான்.

கதை தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

கருவிகளால் தம் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருந்த முதியவருக்கு, பிள்ளைகளின் வற்புறுத்தலால் சுவாசக் குழாய் பொருத்தப்படுகிறது. அவரைப் போகவிட மனமில்லாத மகளை இயக்குநர் வில்லியாக்கவில்லை. உங்கள்மேல் அன்பு இருக்கிறது, நன்றி, உங்களை மன்னிக்கிறேன், என்னை மன்னியுங்கள் என்ற நான்கையும் அப்பாவிடம் சொல்லச் சொல்கிறார், அந்தப் பிரிவின் மூத்த மருத்துவரான டாக்டர் ராபி. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்சிலும் நம் குடும்பங்கள் கட்டிலைச் சுற்றி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்து சேர்ந்த மூத்த மகன் உட்பட, ‘போதும்’ என்ற சொல்லை முதலில் சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்தத் தயக்கத்தை இவ்வளவு பொறுமையாக வேறெந்தத் தொடரும் காட்டி நான் கண்டதில்லை.

தலைமைச் செவிலியர் டேனாவாக நடித்த கேத்ரின் லனாசாவுக்கு 2025ஆம் ஆண்டின் எம்மி விருது கிடைத்தது மிகப் பொருத்தம். காத்திருந்து கோபமடைந்த நோயாளி ஒருவன் டேனாவின் முகத்தில் குத்திய பிறகும், மூக்கில் இரத்தம் காய்வதற்குள் வேலைக்குத் திரும்பும் அவருடைய நடையில் வீரமும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை.

1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இதய மீட்புச் சிகிச்சை பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் உடனடியாகப் பிழைத்தார்கள் என்று கண்டது. உண்மையில் அத்தனை பேர் பிழைப்பதில்லை. அந்தப் பொய்யான நம்பிக்கையோடு வரும் உறவினரிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். ‘தி பிட்’ அந்த நம்பிக்கையை விற்கவில்லை.

குறைகளும் உண்டு. இளம் மருத்துவர்கள் சில இடங்களில் பாடப்புத்தகம்போலப் பேசுகிறார்கள். இசை விழாவில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காயங்களும் இரத்தமும் அளவு மீறுகின்றன. ஆனாலும் ராபி கடைசியில் உடைந்து விழுவது, அதுவரை அவர் அடக்கி வைத்ததையெல்லாம் நாம் பார்த்திருப்பதால், துளியும் மிகையாகத் தெரியவில்லை.

வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால், முதல் நான்கைந்து அத்தியாயங்களைத் தனியாகப் பார்க்காதீர்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.