பழைய காலத்து ஜீன்ஸும் பொதட்டூர்பேட்டை வெயிலும்

என் ஜீன்ஸின் தொடைச் சந்தில் தையல் மறுபடியும் விட்டுவிட்டது. துணியில் ஓர் இழைகூட நையவில்லை, நூல் மட்டும் போயிருக்கிறது. இதைத் தைக்கக் கொடுத்திருக்கும் இதே வாரத்தில் நகரி நண்பர் கேட்கிறார்: "அண்ணா, இதே ஜீன்ஸுக்கு விலை குறைச்சிருக்காங்க, ஒண்ணு எடுத்துப் போட்டுரலாமா?" அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். 1940களின் அமெரிக்க வேலை உடைகளை அச்சு அசலாக மறுபடி தைத்து விற்கிற பிராண்டு இது. சதுர கெஜத்துக்குப் பதினாலரை அவுன்ஸ் எடையுள்ள செல்வெட்ஜ் ஜீன்ஸ், ஷாம்ப்ரே சட்டை இரண்டும் பல வெயில் காலம் பார்த்தாகிவிட்டது. அளவு அட்டவணையும் படங்களும் அவர்கள் தளத்திலேயே கிடக்கின்றன, அதற்குள் போகவில்லை.

முதலில் துணி. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அந்தப் பக்கம் நகரி, புத்தூர் என்று வீட்டுக்கு வீடு லுங்கித் தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு 'செல்வெட்ஜ்' என்றால் பிரமிக்க ஒன்றுமில்லை. நூலைச் சுமந்து ஓடும் நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடித் திரும்பும்போது குறுக்கே போகும் ஊடை நூல் அறுபடாமல் மடங்கி வருவதால் தானாகவே விழுகிற கரைதான் அது. நாடாத் தறியில் டெனிம் அகலம் முப்பது அங்குலத்தை ஒட்டித்தான் வரும். ஒரு பேன்ட்டுக்கு மூன்று கெஜம் போய்விடும், தறியும் மெதுவாகத்தான் ஓடும். விலையில் பெரும்பங்கு இங்கேதான் ஏறுகிறது. அமெரிக்காவில் இதை நெய்துகொண்டிருந்த பெரிய மில்லான கோன் நிறுவனத்தின் ஒயிட் ஓக் 2017 கடைசியில் மூடப்பட்டது. இன்று இந்த ரகத்தில் நல்ல துணி என்றால் பெரும்பாலும் ஜப்பானின் ஒகயாமா பக்கம்தான்.

அந்தத் துணி அற்புதம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இண்டிகோ நீலச் சாயம் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் மேல்தோலில் மட்டும் ஏறி, நடு இழை வெள்ளையாகவே நிற்கிறது. அதனால் உரசுகிற இடமெல்லாம் சாம்பல் படியாமல் பளிச்சென்று நீலமாக வெளுக்கிறது. முழங்கால் பின்மடிப்பில் விழுந்திருக்கும் வரிகளை எந்த ஃபேக்டரி வாஷும் கொடுக்க முடியாது. வெட்டும் அப்படியே. முன்பக்க ரைஸ், அதாவது தொடைச் சந்திலிருந்து இடுப்புவரை உள்ள உயரம், பன்னிரண்டு அங்குலம். இன்றைய கடை ஜீன்ஸ் இடுப்பெலும்பில் தொங்கும், இது வேட்டி கட்டுகிற இடத்தில் உட்காரும். ஸ்கூட்டரில் குனிந்தாலும் முதுகு தெரியாது, உள்ளே விட்ட சட்டை வெளியே வராது. தொடையில் காற்றுக்கு இடம் இருக்கிறது. இந்த ஒரு சுகத்துக்காகவே பிறகு எந்த லோ வெயிஸ்ட் பேன்ட்டும் பிடிக்காமல் போய்விடும்.

இவ்வளவு நல்ல துணியை எதை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம். நூறு சதவீதம் பருத்தி நூல். காரணம் நேர்மையானதுதான். பாலியெஸ்டருக்குப் பிரிட்டனில் காப்புரிமை கேட்டதே 1941இல். அது கடைக்கு வந்தது ஐம்பதுகளில். 1944ஆம் ஆண்டு ஜீன்ஸை நகலெடுக்கிறவர் பாலியெஸ்டர் சேர்த்தால் அது நகல் ஆகாது. இந்த விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் வேர்வை அதை மதிக்காது. பருத்தி நூலில் வேர்வை ஊறி, காய்ந்து, உப்பு தங்குகிறது. நடக்க நடக்க அந்த உப்பே அரம் போல அராவுகிறது. ஜீன்ஸின் உள்கால் தையலும் பின்பக்க நடுவில் ஓடும் பின்தையலும் சங்கிலி போல் கண்ணி கோத்துப் போகும் செயின் தையல். அதன் கீழ்நூல் உள்பக்கம் சடை மாதிரி புடைத்து, தோலை ஒட்டியே கிடக்கும். வேர்வையை முதலில் குடிப்பதும் அதுதான், உரசலை வாங்குவதும் அதுதான். சாதாரண தையல் மிஷின் போடுகிற லாக் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணி பிடித்துக்கொள்ளும். செயின் தையலில் ஒன்று போனால் இழுக்க இழுக்க உருவிக்கொண்டே போகும். காலையில் அரை அங்குலம் விட்டது மாலைக்குள் ஒரு சாண் ஆகிவிடும்.

இதற்கு மருந்து இருக்கிறது. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. கோர்ஸ்பன் நூல் என்று கேட்டால் பெரிய ஊர் நூல்கடையில் கிடைக்கும். நடுவில் பாலியெஸ்டர் இழை, மேலே பருத்தி சுற்றியிருக்கும். தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது, மேல்சுற்று கொஞ்சம் வெளுக்கவும் செய்யும். நூலின் தடிமனை டெக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்: உள் தையலுக்கு டெக்ஸ் 60 அல்லது 80, மேல் தையலுக்கு டெக்ஸ் 105. ஊசி பதினாறு, தடித்த இடத்துக்குப் பதினெட்டு. விட்ட இடத்தில் தொங்கும் நூலை வெட்டச் சொல்லாதீர்கள். இரண்டு முனையையும் உள்பக்கம் இழுத்து முடிந்து, இரண்டு பக்கமும் நல்ல தையல் மேலே ஓரங்குலம் ஏறி, லாக் தையல் இரண்டு ஓட்டம் விடச் சொல்லுங்கள். தொடைச் சந்தில் நான்கு தையல் மடிப்பும் சேருகிற இடம் சாதாரண மிஷினில் ஏறாது. மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அந்த மேட்டில் மெழுகுவர்த்தி தேய்த்து, மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடத்த வேண்டும். அவசரப்பட்டால் ஊசி உடையும், அல்லது தையல் தாவும். இப்படி மாற்றித் தைத்த பின்தையல் இன்றுவரை அசையவில்லை. பழைய நூல் மிச்சமிருக்கும் இடம்தான் ஒவ்வொன்றாக விடுகிறது.

"ஆறு மாதம் துவைக்காமல் போடுங்கள், வெளுப்பு அழகாக வரும்" என்ற அறிவுரை குளிர் நாட்டுக்குப் பொருந்தும். நம் வெயிலில் அது நூலுக்குக் கொள்ளி வைக்கிற வேலை. ஏழெட்டு முறை போட்டதும் உள்புறம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், ப்ளீச் இல்லாத திரவ சோப்பில் அலசிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் சோப்புக் கறை வெள்ளையாகப் படிந்து நிற்கும். வினிகரிலோ உப்பிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வெறும் பேச்சு. இண்டிகோ நூலோடு வேதிப் பிணைப்பில் இல்லை, மேலே ஒட்டியிருக்கிறது. உரசினால் உதிரத்தான் செய்யும். முதல் சில மாதம் வெள்ளை வேட்டிக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

சுருக்கம் பற்றி ஒரு வார்த்தை. இது சான்ஃபரைஸ் செய்யாத, அதாவது முன்கூட்டியே சுருக்கி எடுக்காத துணி, ஏழிலிருந்து பத்து சதவீதம் சுருங்கும். முப்பத்திரண்டு அங்குல உள்காலில் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல்வரை போய்விடும். வந்த உடனே வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து நிழலில் காயப்போட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்தபின்தான் கீழே மடித்துத் தைக்க வேண்டும். துவைத்தபின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிக்கொண்டு வந்தால் பயப்படாதீர்கள். சாய்வு வரியாக விழும் ட்வில் நெசவின் முறுக்கு அது, அந்தக் காலத்து ஜீன்ஸிலும் இருந்தது. பின்பாக்கெட்டில் நூலுக்குப் பதில் பெயின்ட்டால் வளைவுக் கோடு போட்டிருப்பதும் அப்படித்தான். போர்க்காலத்தில் நூலை மிச்சம் பிடிக்க லீவைஸ் செய்த வேலை அது. நாலு துவைப்பில் அழியும், அழியத்தான் வேண்டும். இரும்புப் பட்டன் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஈரத்தோடு மடித்துவைத்தால் துருக்கறை துணியில் ஏறுகிறது. அலசிய கையோடு பட்டன் பட்டியைத் துடைத்துவிடுங்கள்.

ஷாம்ப்ரே சட்டை வேறு கதை. சாதா நெசவு, நீலப் பாவு, வெள்ளை ஊடை. நம் தறிகளுக்கு அந்நியமே இல்லாத துணி. அதே பருத்தி நூல்தான், ஆனால் மெல்லிய துணியில் அதற்குப் பாரம் இல்லை, எங்கும் விடவில்லை. அக்குள் வெட்டு சிறியது, உயரத்தில் இருக்கிறது. கையைத் தூக்கினால் சட்டை கூடவே ஏறாது. பக்கத் தையல் முடியும் இடத்தில் ஒரு சிறு முக்கோணத் துண்டு வைத்திருக்கிறார்கள், கிழிசல் தொடங்குகிற இடமே அதுதான் என்று தெரிந்து வைத்தது. துவைக்கத் துவைக்க மென்மையாகிறது. காலர் மட்டும் மடிப்பில் வெளுக்கிறது, அதுவும் அழகு.

ஆக, நண்பரே, இவ்வளவு புகழ்ந்தபிறகும் சொல்கிறேன்: ஜீன்ஸ் வேண்டாம், இந்தத் தள்ளுபடியிலும் வேண்டாம். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதையும் கட்டிவிட்டு தையலுக்கும் தனியாகச் செலவழிப்பதில் நியாயம் இல்லை. சட்டை எடுங்கள், இரண்டாகவே எடுங்கள். ஜீன்ஸ்தான் வேண்டும் என்று மனசு நின்றால் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: தையல் நூல் முழுப் பருத்தியா, கோர்ஸ்பன்னா? கோர்ஸ்பன் என்று சொல்லி அனுப்பினால், வந்ததும் கீழ்மடிப்பின் உள்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனையை வெட்டித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் முழுப் பருத்தி, திருப்பி அனுப்பிவிடலாம். நுனியில் கெட்டியாக ஒரு மணி உருண்டு நின்றால் உள்ளே பாலியெஸ்டர் இருக்கிறது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.