திருத்தக் கொடுத்த மடிக்கணினியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பயனர் கணக்கு

கொக்குவிலில் நாங்கள் நடத்தும் தனியார் கல்வி நிலையத்தின் மடிக்கணினியை, எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தி, இருந்த தரவுகளை அதற்கு மாற்றித் தரும்படி யாழ். நகரிலுள்ள கணினித் திருத்தகம் ஒன்றில் கொடுத்திருந்தோம். வேலையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நிர்வாகி அதிகாரம் கொண்ட ஒரு பயனர் கணக்கை எங்களுக்குச் சொல்லாமல் உருவாக்கி, அதை மறைத்தும் வைத்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். மாணவர்களின் விபரங்களும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் உள்ள கணினி அது.

சீ ட்ரைவில் உள்ள யூசர்ஸ் கோப்புறையைத் தற்செயலாகத் திறந்தபோது, ‘சப்போர்ட்’ என்ற பெயரும் இறுதியில் டொலர் குறியும் கொண்ட ஒரு கோப்புறை கண்ணில் பட்டது. அந்தக் கணக்கில் ஒருமுறையேனும் உள்நுழைந்தால்தான் இப்படிக் கோப்புறை உருவாகும்; அதன் திகதியோ கணினி திருத்தகத்தில் இருந்த நாளைக் காட்டியது. உள்நுழையும் திரையிலும் செட்டிங்ஸ் பக்கத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை. கட்டளைகளைத் தட்டச்சிடும் கொமாண்ட் ப்ரொம்ட்டில் ‘நெட் யூசர்’ (net user) என்ற கட்டளையைக் கொடுத்தபோதும் அது வரவில்லை, ஏனெனில் டொலர் குறியில் முடியும் பெயர்களை அக்கட்டளை காட்டுவதில்லை. அதைப் போன்ற இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘கெட்-லோக்கல்யூசர்’ (Get-LocalUser) என்று கொடுத்த பின்னரே பட்டியலில் அகப்பட்டது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், வின்லொகொன் பகுதியின் கீழ் ‘ஸ்பெஷல் எக்கவுண்ட்ஸ்’, அதற்குள் ‘யூசர்லிஸ்ட்’ என்ற இடத்தில் அதன் பெயருக்கு 0 என்ற பெறுமானம் இடப்பட்டிருந்தது. உள்நுழையும் திரையிலிருந்து ஒரு கணக்கை மறைப்பதற்கான வழி அதுதான். தானாக நடக்கக்கூடிய காரியம் அல்ல. போதாக்குறைக்கு, நாங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத றிமோட் டெஸ்க்டொப் (வேறோரு கணினியிலிருந்து இதை இயக்கும்) வசதியும் இயக்கி விடப்பட்டிருந்தது.

நேரில் சென்று கேட்டபோது, “அது எங்கட சேவிஸ் எக்கவுண்ட் அண்ணை, எல்லா லப்ரொப்புக்கும் போடுறனாங்கள்” என்று சாதாரணமாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சேவைக்கென்று வைத்த கணக்காயின் பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒளித்து வைக்க வேண்டிய தேவை என்ன? நிர்வாகி அதிகாரம் உள்ளவர் மற்றைய பயனர்களின் கோப்புறைகளைத் திறக்கலாம் என்பதால், எங்கள் கடவுச்சொல் அவர்களைத் தடுக்கப் போவதில்லை. அனுமதியின்றிக் கணினியொன்றை அணுகுவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம் என்பதைச் சொன்ன பிறகுதான் குரல் தணிந்தது. பணத்தில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை.

நகரில் அண்மையில் கணினி திருத்தக் கொடுத்தவர்கள் மேற்சொன்ன பவர்ஷெல் கட்டளையைக் கொடுத்துப் பார்க்கவும். அட்மினிஸ்ட்ரேட்டர், கெஸ்ட், டிஃபோல்ட்எக்கவுண்ட், டபிள்யூடிஏஜி (WDAG) என்று தொடங்கும் ஒன்று ஆகியவை விண்டோஸுடனேயே வருபவை, வழமையாக முடக்கப்பட்டே இருக்கும்; அவற்றைக் கண்டு பதறவோ அழிக்கவோ வேண்டாம். உங்களுக்குத் தெரியாத வேறு பெயர் இருந்தால், முதலில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதன் பின் அழிக்கவும். நாங்கள் அழித்ததோடு நிற்காமல், தரவுகளைப் பிரதியெடுத்துவிட்டு விண்டோஸை முழுமையாக மீளப் பதிந்தோம், ஏனெனில் கணக்கொன்றை ஒளித்தவர்கள் வேறு எதை வைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்க எங்களுக்கு அவகாசம் இல்லை.